நனையாத கோடு

வடக்கே முகம் வைத்துப் படுத்திருக்கும் கரை அது. சேறும் மணலும் உப்பூறிய புல்லும் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்க, கடல் ஏறி வருகையில் கடலாகவும் இறங்கிப் போகையில் நிலமாகவும் நாளுக்கு இருமுறை தன்னை மாற்றிக்கொள்ளும் அந்நெடுவெளியின் நடுவே, கருங்கல்லால் எழுப்பிய இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் நீருக்குள் நெடுந்தொலைவு நீண்டிருந்தன. அவ்விரண்டுக்கும் இடையே ஒரு வாய்க்கால் ஊருக்குள் புகுந்தது. அதன் கழுத்தில் இரும்புப் பட்டை அறைந்த ஒற்றைப் பெருங்கதவு நின்றது. கதவுக்கு உள்ளே படகுத்துறையும், துறையை ஒட்டிக் கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த பள்ளத்தில் கீழத்தெருவும், அப்பால் மேட்டில் மேலத்தெருவும் இருந்தன. முழுமதி கழிந்த மறுநாட்காலை. சில நாளாகத் தெற்கிலிருந்து நிலத்தைத் துடைத்துக்கொண்டு வீசிய வறண்ட காற்று அன்றும் ஓயவில்லை. அடுப்புப் புகை நிமிர மாட்டாமல் கூரைகளை உரசியபடி கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

படிப்பவரே, அவ்வூரில் எழுதாத நெறியொன்று இருந்தது. கதவுத் தூணில் செந்நிறக் கோடு ஒன்று தீட்டியிருந்தார்கள். நீர் அதைத் தொட்டால் கதவு மூடப்படும், தொடாதவரை திறந்திருக்கும். வெளியே போன படகுக்காரன் கரையை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தன்னைச் சுற்றி ஏறும் நீரைப் பார்த்தே கதவின் நிலையை அறிந்துகொள்வான். மழை ஏய்க்கும், மீன் ஏய்க்கும், கொண்ட பெண்டாட்டியும் என்றேனும் ஏய்ப்பாள், கோடு மட்டும் ஏய்க்காது என்று சொல்லிச் சிரிப்பார்கள். கடலேற்றமாகிய ஓதம் மெல்ல வரும் நாள்களில் அது உண்மையாகவே இருந்தது. கோடு நனைந்த பின்னும் கதவை அமைதியாக மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அதுகாறும் எல்லா நாளும் அப்படித்தான் இருந்தன.

அக்கதவைக் காத்தவன் நடுத்தர அகவையினன். கொஞ்சம் சிடுசிடுப்பு, நிறைய நகைச்சுவை. அவன் மாமனார் கல்வேலைத் தலைவர்; அலைதடுப்புச் சுவர் எங்கே விரிசல் விட்டாலும் அதை அடைப்பது அவர் பொறுப்பு. அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் கதவுக்காவலனின் மனைவியாகிக் கீழத்தெருவில் குடியிருந்தாள். மகன் கல் ஏற்றும் கனத்த படகொன்றைச் செலுத்தினான். காவலனுக்குத் தன் மனைவியிடம் அச்சம், மாமனாரிடம் மதிப்பு, மைத்துனனிடம் மட்டும் கள்ளமில்லாத அன்பு. உடன்பிறந்தார் இல்லாத அவனுக்கு அந்தத் துடுக்குக்காரன்தான் தம்பி.

அன்று காலை மைத்துனன் படகு நிறையக் கல்லேற்றி, ஒரே ஒரு கூட்டாளியை உடன் வைத்துக்கொண்டு கதவருகே வந்தான். வாய்க்காலில் நீர் என்றுமில்லாதபடி வற்றிக் கிடந்தது.

"என்ன மச்சான், கடலுக்கு உடம்பு சரியில்லையா? படுத்த படுக்கையா கெடக்குது!"

"ராத்திரி உங்கப்பா விட்ட குறட்டையக் கேட்டு மிரண்டு ஓடியிருக்கும்."

"சொல்லிடுவேன் அவர்கிட்ட." அவன் சிரித்தான். "சுவத்து முனையில அடிக்கல்லு பேந்து கெடக்குல்ல? இன்னைக்குத்தான் அது கண்ணுக்கே தெரியுது. இப்படி ஒரு நாள் இனி எப்ப வருமோ. வெளிப்பக்கமா நின்னு வேலைய முடிச்சிடறேன்."

"போ, போ. கோடு நனையிற வரைக்கும் கதவு திறந்துதான் இருக்கும். நான் எங்க ஓடிப் போகப் போறேன்?"

அச்சொல்லைக் கொடுத்தவன் விளையாட்டாகவே கொடுத்தான். பெற்றவனும் அப்படியே பெற்றுக்கொண்டு போனான். படகு கதவைக் கடந்து, சுவரோரமாக நகர்ந்து, முனையைச் சுற்றி மறைந்தது.

பொழுது ஏறியது, நீர் ஏறவில்லை. ஓதம் வரவேண்டிய வேளை வந்து, கடந்தும் போயிற்று. வற்றிய சேற்றில் சிப்பி பொறுக்க இறங்கிய பெண்கள், கடல் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டது என்று கூவிச் சிரித்தார்கள். காவலனும் முதலில் சிரித்தான். பிறகு தூணைப் பார்த்தான், மீண்டும் பார்த்தான். முழுமதியை ஒட்டிய நாளில் கடல் கோட்டைத் தொடாமல் இருந்ததே இல்லை. வரவேண்டிய நீர் வராமல் போனால் அது எங்கே போயிற்று? இத்தனை நாளாகக் காற்று அதைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளி வடக்கே நிறுத்தி வைத்திருக்கிறது. தள்ளிய கை விலகினால் என்ன ஆகும்?

அப்போது காற்று நின்றது. ஓடிய புகை நின்று, நிமிர்ந்து, சற்றே தயங்கி, ஊரின் பக்கமாகச் சாய்ந்தது. வாடை. வடக்கிலிருந்து ஊசிபோல் குளிர்ந்த வாடை.

அவன் ஓடிப்போய்க் கதவுமேடையின் மணியைப் பைத்தியம் பிடித்தவன்போல் அடித்தான். சேற்றில் நின்ற பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டுக் கரைக்கு ஓடி வந்தார்கள். சுவரின் முனையிலிருந்து மட்டும் எந்த அசைவும் இல்லை. எதிர்க்காற்றில் மணியோசை அவ்வளவு தொலைவு செல்லவில்லை, சென்றாலும் கல்லோடு கல் மோதும் ஓசையில் அது யார் காதிலும் விழுந்திருக்காது. வடக்கே, வானும் நீரும் கூடும் இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு தடிப்பு எழுந்தது. முகில் என்று அதை நினைக்க அவன் விரும்பினான். அது முகில் இல்லை.

பாய்ந்து வரும் நீரில் அக்கதவை மூட முடியாது. வெள்ளம் உள்ளே பாயத் தொடங்கிவிட்டால் அதுவே கதவைப் பிடுங்கித் தூணில் அறைந்து தூளாக்கிவிடும். நீர் நின்ற நிலையில் மூடினால் மட்டுமே கதவு பிழைக்கும். கதவு பிழைத்தால் மட்டுமே கீழத்தெரு பிழைக்கும். அங்கே அவன் மனைவியும் நடை பழகும் மகளும், இன்னும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மூடவேண்டிய பொழுது இதுதான்; கோடு நனையும்வரை காத்திருந்தால் மூடுவதற்குக் கதவே இராது. அவன் கதவை நகர்த்தும் இரும்புருளையின் பிடியைப் பற்றினான். சங்கிலி முனகியது.

மணியோசை கேட்டுக் கடப்பாரையும் கையுமாக ஓடிவந்த மாமனார் மேடைமேல் ஏறி நின்றார்.

"மாப்ளே, கதவுல ஏன் கை வெக்கிறீங்க?"

"மூடறேன் மாமா."

"கோடு நனையலையே."

"நனையிற வரைக்கும் நமக்கு நேரம் இல்ல. காத்து திரும்பிடுச்சு பாருங்க. தேங்கி நின்ன தண்ணியெல்லாம் மொத்தமா வருது."

"எம் புள்ள வெளிய இருக்கான்."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமாடா மூடற?"

மகளைக் கொடுத்த நாளிலிருந்து 'ங்க' போட்டே பேசிய வாய் அது. அந்த 'டா'வைத் தொடர்ந்து கடப்பாரை வந்தது. காவலனின் இடத் தோளில் அது இறங்கியபோது எலும்பு முறியும் ஓசையை இருவருமே கேட்டார்கள். அவன் முழங்காலிட்டு விழுந்தான்; பிடியை விடவில்லை. "கீழத்தெருவுல உங்க மக இருக்கா! பேத்தி இருக்கா!" என்று அலறினான். "எம் புள்ள வெளிய இருக்கான்!" என்று அவர் அதைவிட உரக்க அலறி மறுபடியும் ஓங்கினார். இருவர் சொன்னதிலும் பிழையில்லை. பிழையில்லாத இரண்டு சொற்கள் ஒரே மேடையில் நிற்க இடமில்லாமல் போன கொடுமையை என்னென்று சொல்வது! காவலன் தலையைத் தாழ்த்தி மாடுபோல் அவர் மார்பில் முட்டினான். கிழவர் பின்னால் சாய்ந்து, படகு கட்டும் கற்குற்றியில் தலை மோத, குருதி கொட்டக் கிடந்தார். தன்னைப் பெற்ற தந்தைக்கு நிகராக வணங்கியவரை வீழ்த்திவிட்டு, அவர் உயிரோடிருக்கிறாரா என்றும் பாராமல், ஒற்றைக் கையாலும் மார்பாலும் அவன் உருளையைத் தள்ளினான். கதவு நகர்ந்து, வாய்க்காலைக் குறுக்கி, கல்வரம்பில் போய்ப் பொருந்தியது. தாழ்மரத்தை உதைத்து இறக்கினான்.

அவ்வேளையில்தான் கல்படகு முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது. வாடையை உணர்ந்ததும் மைத்துனன் வேலையை விட்டுவிட்டுப் பாயை விரித்திருந்தான். பாதிக் கல் இன்னும் படகில் இருந்தது. வாய்க்காலுக்குள் திரும்பியவன் மூடிய கதவைக் கண்டான். அவன் முகத்தில் சினம் தோன்றவில்லை. தெரு மாறி வந்துவிட்டவன்போல் விழித்தான்.

"மச்சான்! கதவத் திறங்க!"

காவலன் வாயைத் திறந்தான். அதற்குள் கடல் வந்துவிட்டது.

அலையென்று அதைச் சொல்வது பொருந்தாது. அலை வந்து விழுந்து திரும்பும். இது திரும்பும் எண்ணமே இல்லாமல், இரு சுவர்களையும் நிரப்பிக்கொண்டு, சேற்றையும் மரத்தையும் பிடுங்கிய கற்களையும் உருட்டிக்கொண்டு, உறுமியபடி நிமிர்ந்து வந்தது. வரும் வழியில் கிழக்குச் சுவரின் நடுப்பகுதியைக் கடித்துத் துப்பிவிட்டுக் கதவில் அறைந்தது. மேடை நடுங்கியது. இரும்புப் பட்டைகள் நெளிந்தன. ஆணிகள் தெறித்துக் காற்றில் பறந்தன. கதவு உள்நோக்கி ஒருமுறை வளைந்து, மூச்சுப் பிடித்தவனைப்போல் அப்படியே நின்றது. நீர் கதவின் தலைவரை உயர, அதன் முதுகின்மேல் கல்படகும் உயர்ந்து, கூர்மூக்கை நேராகக் கதவை நோக்கி நீட்டிக்கொண்டு வந்தது.

காவலன் கயிற்றுச் சுருளைக் குற்றியில் சுற்றி மறுமுனையை வீசினான். கூட்டாளி பாய்ந்து பற்றிக்கொண்டான். "மச்சான், நீயும் பிடிடா! சுக்கான விடு!" என்று காவலன் கத்தினான்.

"விட்டா கதவுல போய் இடிக்கும்!"

இரண்டு கையும் சுக்கானில் இருந்தன. ஒரு கையை எடுத்தாலும் அந்தக் கல்பாரம் வெள்ளத்தின் விசையோடு வந்து, ஏற்கெனவே நெளிந்த கதவை உடைத்துக்கொண்டு அக்காளின் தெருவுக்குள் இறங்கிவிடும். கதவு காக்கும் வீட்டில் பெண் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவன் கயிற்றைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், பிறகு மச்சானை ஒருமுறை பார்த்துவிட்டு, உடல் முழுவதையும் சுக்கானின்மேல் சாய்த்தான். படகு முனகிக்கொண்டு திரும்பியது. கூட்டாளி கயிற்றோடு தூக்கியெறியப்பட்டுக் கதவோரம் தொங்கினான். மைத்துனன் படகோடு உடைந்த கிழக்குச் சுவரில் போய் மோதினான். மரம் பிளந்த ஓசை வெள்ளத்தின் பேரோசையையும் மீறி மேடைவரை கேட்டது. மேடையில் குருதியோடு எழுந்து உட்கார்ந்திருந்த மாமனார், தம் மகன் படகைத் திருப்பியதை முழுவதும் கண்டார்.

மாலைவரை கடல் கதவை இடித்தது. மாலையில் அலுத்து இறங்கியது. கீழத்தெருவில் கணுக்கால் நனையும் அளவுக்கு மேல் நீர் வரவில்லை. ஊரார் மேடையைச் சூழ்ந்தார்கள். ஊரைக் காத்த தெய்வம் என்றார் ஒருவர். முறிந்த தோளைத் துணியால் கட்டிவிட்டார் இன்னொருவர். காவலன் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்து நின்றாள். கயிற்றோடு கரையேறிய கூட்டாளி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். ஆனாலும் கணவன் வாயால் கேட்க வந்திருந்தாள்.

"திறக்கச் சொன்னானா?"

"சொன்னான்."

"நீங்க திறக்கலையா?"

"திறக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் கேக்கல."

அவள் அவனை அடிக்கவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. குழந்தையை இறக்கி அவன் காலருகே விட்டுவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மைத்துனன் உடல் வெளிப்புறப் பாறைகளின்மேல் கிடப்பது மேடையிலிருந்தே தெரிந்தது. சுவர் நடுவில் உடைந்திருந்தமையால் நடந்து போக வழியில்லை. படகு போக வேண்டும்; படகு போகக் கதவு திறக்க வேண்டும். உள்நீரும் வெளிநீரும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் காவலன் எழுந்து, நெளிந்த கதவில் இறுகிப்போன தாழ்மரத்தைத் தளர்த்த வலக்கையால் உருளையின் பிடியைப் பற்றித் தள்ளினான். கதவு அசையவில்லை. உதவ வந்த இளைஞர்களை ஒரு குரல் விலக்கியது. தலையில் கட்டுப்போட்ட மாமனார் தட்டுத்தடுமாறி மேடையேறி, உருளையின் மறுபிடியைப் பற்றினார்.

"உங்களுக்குக் கை முடியாது மாப்ளே," என்றார் கிழவர். "நான் இழுக்கறேன். நீங்க தாழ மட்டும் தூக்குங்க."

"மாமா..."

"எம் புள்ள வெளிய இருக்கான்."

காலையில் சொன்ன அதே சொற்கள்தாம். இப்போது அவற்றில் சினமில்லை, வேண்டுதல் மட்டுமே இருந்தது. காவலன் தாழ்மரத்தைத் தூக்கினான். சங்கிலி இறுகியது. மூடியவனும், மூடாதே என்று அவன் எலும்பை முறித்தவரும் ஓருருளையில் கைவைத்துத் தள்ள, கதவு மெல்ல, மிக மெல்லத் திறந்தது. கடலுக்குப் பகை என்றும் உறவு என்றும் இல்லை. அது வருகிறது, போகிறது. அது போன பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து வாழ வேண்டியவர்கள் மனிதர்கள். படகு சென்று, இருள் கவிவதற்குள் திரும்பி வந்தது. கதவைக் கடந்து மகன் ஊருக்குள் வரும்வரை கிழவர் உருளையிலிருந்து கையை எடுக்கவில்லை.