மூச்சுக்கு ஒரு கோவிந்தா

விழுப்புரம் ஜங்ஷனில் போர்ட்டராக இருந்த வெங்கடாசலத்துக்கு முதலுதவிப் பரீட்சை என்றாலே ஆகாது. இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் கோட்டை விட்டவர். முதல் தடவை, கால் முறிந்ததாகப் படுத்திருந்தவனின் நல்ல காலில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டார். இரண்டாம் தடவை செயற்கைச் சுவாசம்; குப்புறப் படுத்தவனின் முதுகை அழுத்தி, முழங்கைகளைத் தூக்கி இறக்குகிற அந்தக் காலத்து முறை. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு என்பது கணக்கு. இவர் பதற்றத்தில் முப்பது கொடுத்தார். மூச்சு நின்றதாகப் படுத்திருந்தவன் எழுந்து, "யோவ், உயிரோட இருக்கிறவனக் கொன்னுடாதய்யா!" என்று ஓடியே போனான். ஐம்பத்தெட்டாம் வருஷம் மூன்றாம் தடவை. இதிலும் தேறாவிட்டால் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

கையில் கடிகாரம் கிடையாது. ஆனால் புரட்டாசி சனிக்கிழமை பஜனையில் அவருக்கு ஒரு வழி பிறந்தது. நீட்டி ஒரு கோவிந்தா சொன்னால் முதுகை அழுத்த நேரம் சரியாக இருந்தது. இன்னொரு கோவிந்தாவுக்குள் முழங்கைகளைத் தூக்கி இறக்கிவிடலாம். பார்சல் ஆபீசில் ஒரு மல்லாட்டைக் கடலை மூட்டையின் மேல் பழகி, ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். பன்னிரண்டேதான். பெருமாளே சொல்லிக்கொடுத்தார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை, காலை பத்து மணிக்கு. பாசஞ்சரில் வந்து இறங்கி, ஏரிக்கரை வழியாக நடந்தார். பாதிக் கரையில் ஒரே கூச்சல். எருமையைக் குளிப்பாட்ட இறங்கி மூழ்கிப்போன முருகையன் என்பவனை, துணி துவைத்த பெண்கள் புடவையை வீசி இழுத்துக் கரையில் போட்டிருந்தார்கள். மூச்சு இல்லை.

"தலகீழா தூக்கிச் சுத்துங்கடா, தண்ணி கொட்டிடும்!" என்றார் ஒருவர்.

"கையில சாவிக்கொத்தக் குடுங்க!" என்றார் இன்னொருவர்.

"அது வலிப்புக்குய்யா!"

"இருந்தா என்னா? இரும்பு இரும்புதான?"

வெங்கடாசலத்தின் கால்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்து இரண்டு அடி வைத்தன. மூன்றாவது அடி வைக்க மனம் வரவில்லை.

"தள்ளுங்க, தள்ளுங்க! காத்து வரட்டும்!"

முருகையனின் வாய்க்குள் விரலை விட்டுச் சேற்றையும் வெற்றிலைச் சக்கையையும் வழித்தெறிந்தார். குப்புறக் கிடத்தி, கைகளை மடித்து, தலையை அவற்றின்மேல் ஒருக்களித்து வைத்தார். தலைமாட்டில் மண்டியிட்டார்.

"கோவிந்தா...!" முதுகை அழுத்தினார். "கோ...விந்தா!" முழங்கைகளைத் தூக்கினார்.

கூட்டம் ஒரு நொடிதான் திகைத்தது. கிடக்கிறவன் தலைமாட்டில் ஒருவர் கோவிந்தா சொன்னால் மற்றவர்கள் சும்மா இருப்பது வழக்கமில்லையே! தலைத்துண்டுகளை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லாரும் சேர்ந்து "கோவிந்தா!" போட்டார்கள். சாவுக்குச் சங்கு ஊதுகிற நடராசனைக் கூட்டிவர ஒருவன் ஓடினான். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த முருகையன் பெண்சாதி கெங்கம்மாள் அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்து விழுந்தாள்.

"என்ன வுட்டுட்டுப் போயிட்டியே, ராசா! நேத்துக்கூட கேப்பைக் கூழு கேட்டியேன்னு வைஞ்சேனே!"

"அம்மா, அழுவாதீங்க, இது அந்த கோவிந்தா இல்ல... கோவிந்தா...! இது கணக்குங்க... கோ...விந்தா!"

நிறுத்தி விளக்கினால் தாளம் தப்பிவிடும். ஆகவே அவரும் சொன்னார், ஊரும் சொன்னது, கெங்கம்மாள் ஒப்பாரி வைத்தாள். அவர்கள் சாவுக்கென்று கூப்பிட்ட பெயரைப் பெருமாள் மூச்சாகவே எடுத்துக்கொண்டார் போலும். முருகையன் ஒரு தடவை விக்கினான். ஏரித் தண்ணீரைக் கக்கினான். கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

"யாருக்குய்யா கோவிந்தா போடறீங்க?"

கெங்கம்மாள் அழுகையை நிறுத்தி, அவன் தோளில் ஒன்று வைத்தாள். "உனக்குத்தான்யா, பேஜாரு புடிச்சவனே!" பிறகு மறுபடி அழுதாள். இந்த அழுகை வேறு.

"பள்ளிக்கூடத்துல டாக்டர் இருக்காரு. படுக்க வச்சே வண்டியில கொண்டாங்க, ஜல்தி!" என்று சொல்லிவிட்டு வெங்கடாசலம் முன்னால் ஓடினார்.

மணி பதினொன்று. பரீட்சை டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், ஏரியில ஒருத்தரு..."

"காரணம் சொல்லாதீங்க. மூச்சு நின்னவனுக்கு முதல்ல என்ன செய்யணும்?"

"வெத்தலைய எடுக்கணுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"அவரு வாயில இருந்துதுங்க."

"நல்லா இருக்கு! செய்து காட்டலாம்னா, நோயாளியாப் படுக்க வந்தவங்களும் போயிட்டாங்க. அடுத்த வருஷம் வாங்க."

அதற்குள் கெங்கம்மாளோடு வண்டி வந்துவிட்டது. நாலு பேர் தன்னைத் தூக்குவதற்குக் கூச்சப்பட்டுத் தானே இறங்கி வந்த முருகையன், வாசலில் நின்று கடைசிப் பேச்சைக் கேட்டான். நேரே உள்ளே வந்து தரையில் குப்புறப் படுத்தான்.

"ஆளு நான் இருக்கேங்க. அமுக்குங்கண்ணே. ஏரிக்கரையில போட்ட மாதிரி கோவிந்தா போடுங்க."

"ஐயய்யோ, மூச்சு வுடறவர அமுக்கக் கூடாதுப்பா! உடம்புக்கு அதிர்ச்சி இருக்கும், நடக்கவே கூடாது!"

வெங்கடாசலம் பரீட்சையை அடியோடு மறந்தார். அவனைப் பெஞ்சில் படுக்கவைத்தார். ஈரத்துண்டை உருவிவிட்டு, பரீட்சைக்கென்று சலவை செய்து போட்டுவந்த தம் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார்.

"யாராச்சும் சக்கரை தூக்கலா சூடா காபி வாங்கியாங்க. சார், பரீட்சை போனா போவட்டும். இவரக் கொஞ்சம் பாருங்க."

டாக்டர் நாடி பிடித்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு தம் கோட்டைக் கழற்றி அந்தச் சட்டையின்மேல் போர்த்தினார். கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தக் கோவிந்தாவை ஒரு நிமிஷம் சொல்லுங்க" என்றார்.

வெங்கடாசலம் வெற்றுடம்போடு கைகூப்பிச் சொன்னார். சரியாகப் பன்னிரண்டு ஜோடி. டாக்டர் பெட்டியைத் திறந்து, பரீட்சைத் தாளை எடுத்துத் தேறியதாகக் கையெழுத்துப் போட்டார்.

காபி வந்த சமயம் நடராசனும் ஏரிக்கரையிலிருந்து வண்டித் தடத்தைப் பிடித்துச் சங்கோடு வந்து சேர்ந்தான். இரைக்க இரைக்க வாசலில் நின்று, "பொணம் எங்கங்க?" என்றான்.

"நான்தாண்ணே" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டினான் முருகையன்.

நடராசன் சங்கை இடுப்புத் துண்டில் செருகினான். அவ்வளவு தூரம் ஓடிவந்ததில் நெற்றியெல்லாம் வியர்வை. கெங்கம்மாள் புருஷன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, பாதிக் காபியை டவராவில் ஊற்றி நடராசனிடம் நீட்டினாள்.

"குடிங்கண்ணே. மூச்சு வாங்கிக்கினு மெதுவாப் போவலாம்."