தொட்டிக்கு ஒரே சுவிட்ச்

வயர்மேனுக்கு மச்சினன்மேல்தான் சந்தேகம். வேறு யார்மேல் வரும்? காலையில் வயர்மேனும் அவர் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிட்டால், சாயங்காலம் வரை வீட்டில் இருப்பது மனைவியின் தம்பி ஒருத்தன்தான். அச்சகத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து, கூடத்தில் மீன் தொட்டிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துவிடுவான்.

தொட்டி மகளுடையது. விடுதிக்குப் போகும்போது, "ரெண்டு ஏஞ்சல் மீனும் நான் லீவுக்கு வர்றப்போ உயிரோட இருக்கணும்ப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள். அந்த மனிதர் தலையை ஆட்டிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கோடை வந்தது. வீடு அடுப்பாய்க் காய்ந்தது. தொட்டி மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்மேல் காற்று படும்படி சின்ன ஃபேன் ஒன்றை மாட்டினார். தொட்டியின் விளக்கு, காற்று மோட்டார் எல்லாவற்றுக்கும் குளிர்காலத்தில் அவரே ஒரே சுவிட்ச் வைத்திருந்தார். "ஒரு தட்டு, எல்லாம் ஓடும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஃபேனையும் அதிலேயே சேர்த்தார். ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்து எல்லாவற்றையும் அணைப்பார், காலையில் போட்டுவிட்டுப் போவார்.

சாயங்காலம் வந்து பார்த்தால் சுவிட்ச் அணைந்திருக்கும். தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

"உன் தம்பிக்கு ஃபேன் சத்தத்துல தூக்கம் வரல. அதான் அணைச்சுடறான்" என்றார் மனைவியிடம்.

"அவன் இடி விழுந்தாலும் தூங்குவாங்க. அவன்கிட்டயே கேளுங்களேன்."

கேட்டார். "ஆமா அத்தான், நான்தான் அணைச்சேன். அது ஓடினா தண்ணி சுடுது" என்றான்.

வயர்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஃபேன் ஓடினா தண்ணி சுடுமா? யார் காதுல பூ சுத்தற மாப்ள? தூக்கம் வரலன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்!"

அவன் முகம் சுண்டிப்போனது. எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் எதைச் செய்தாலும் இவருக்கு உறுத்தியது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் ஏன் பார்க்கிறான்? தண்ணீரில் விரலை விட்டால் ஏன் விடுகிறான்? புத்தி ஒரு பக்கம் கோணிவிட்டால் எல்லாம் கோணலாகத்தானே தெரியும்! மறுநாள் காலை சுவிட்சையே கழற்றி, வயர்களை நேராக முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். "இப்ப அணைடா பார்ப்போம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

சாயங்காலம் வந்தால் தொட்டியில் மீன் இல்லை.

மச்சினன் வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். "எங்கடா மீன்? கொன்னு எறிஞ்சிட்டியா? உனக்குச் சோத்தையும் போட்டு வீட்டையும் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று கத்தினார் வயர்மேன்.

அவன் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினான். துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினான்.

குளியலறை வாளியில் இரண்டு ஏஞ்சல்களும் நீந்திக்கொண்டிருந்தன. காற்றுக் குழாய் ஒன்று கூடத்திலிருந்து அதுவரை நீண்டிருந்தது.

வயர்மேன் கூடத்துக்கு ஓடி, ஃபேன் ஓடிக்கொண்டிருந்த தொட்டியில் கையை விட்டார். சுரீரென்று சுட்டது. கையை உதறிக்கொண்டு குனிந்து பார்த்தார். செடிக்குப் பின்னால் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் அவர் கையாலேயே அந்த ஒரே சுவிட்சில் சேர்த்த ஹீட்டர். தண்ணீர் சூடானதும் தானாக அணைய வேண்டியது, பழுதாகி அணையாமல் காய்ந்துகொண்டிருந்தது. ஊர் வீட்டுக்கெல்லாம் வயர் இழுக்கிற மனிதருக்குத் தன் வீட்டு வயர் மறந்துபோயிருந்தது. வெட்கத்தில் காது எரிந்தது.

மெயினை அணைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். அவன் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, தப்பு என்மேலதான். மன்னிச்சுடு. வா, வீட்டுக்குப் போலாம்."

"பரவாயில்ல அத்தான். அச்சகத்துலயே தங்கிக்க இடம் இருக்கு. அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

"மீனை இப்பவே தொட்டில விட்டுடாதீங்க. தண்ணி நல்லா ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.