தொய்ய விடுங்க

1

இந்தக் கதை நான் வாய்விட்டுச் சொன்ன ஒரு சொல்லிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதற்கு முந்தைய நான்கு பிரதிகளிலும் கடைசிப் பக்கம் வரை ஒளித்துவைத்தேன். ஆறு வருஷமாக இதே வேலையாக இருக்கிறேன்.

முதல் பிரதியின் தொடக்கம்: "உறையூரின் மேல் பங்குனி வெயில் ஒரு"

வெயில் ஒரு என்னவாகவும் இல்லை. வெறும் வெயில்தான். அடித்துவிட்டேன்.

இரண்டாம் பிரதி: "ஜமுக்காளத்தின் மூலையைப் பிடித்திருந்த அடைக்கலம் திடீரென்று கையை"

இதையும் அடித்தேன். இப்படித் தொடங்கினால் பழி அவர்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தத் தெருவும் இப்படித்தான் தொடங்கியது.

2

1962. சனிக்கிழமை, காலை பத்து மணி. ஒரு நெசவுக்காரர் வீட்டில் சொல்லிவைத்திருந்த சேலையை வாங்க ஸ்ரீரங்கத்திலிருந்து உறையூருக்குப் போயிருந்தேன். [சேலையின் நிறத்தை மூன்றாம் பிரதியில் ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தேன். தீயிடம் போய்ச் சேராமல் இருக்கத்தான் எழுதியிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.]

அப்போது நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். முந்தின நாள் நடத்திய பாடம் உந்தமும் கணத்தாக்கும். ஓடி வரும் பொருளை நிறுத்தியாக வேண்டும். அதன் உந்தம் முழுவதையும் வாங்கியாக வேண்டும். சட்டென்று நிறுத்தினால் விசை அதிகம். கொஞ்சம் நேரம் கொடுத்து நிறுத்தினால் விசை குறைவு. அவ்வளவுதான் பாடம்.*

சேலைப் பொட்டலத்தோடு வெளியே வந்தபோது எதிர் வீட்டில் புகை. கீழே நூல் கிடங்கு, மேலே குடித்தனம், அதற்கு மேல் மொட்டைமாடி. நூல் பற்றிக்கொண்டு மரப்படியும் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஜெகபர் சாதிக் கரூருக்குப் போயிருந்தார். அவர் மனைவி ரோஷன் பேகம் எட்டு மாதக் குழந்தையோடு மொட்டைமாடிக்கு ஓடிவந்து, கைப்பிடிச் சுவரோரம் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"யா அல்லா! புள்ளைய என்ன பண்ணுவேன்!"

பக்கத்து வீட்டு நெசவாளி சின்னையன் ஒரு ஜமுக்காளத்தை எடுத்து வந்தார். நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்தார்கள். ஒரு மூலையில் அடைக்கலம். அந்தத் தெருவில் நூல் மூட்டைகளைக் கைவண்டியில் இழுப்பவர்.

"போடும்மா! நாங்க புடிச்சுக்கிறோம்!" என்றார் சின்னையன். பிறகு மற்றவர்களிடம், "நல்லா இழுத்துப் புடிங்கப்பா, தொய்யவே கூடாது!"

இழுத்தார்கள். ஜமுக்காளம் பலகை மாதிரி விறைத்தது.

"இழுக்காதீங்க! தொய்ய விடுங்க!" என்று கத்தினேன்.

நான் கத்தியது அதுதான். புகையிலும் கூச்சலிலும் அடைக்கலத்தின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது கடைசிச் சொல் மட்டும்.

அவர் விட்டுவிட்டார்.

\* பாடம் நடத்தியது இங்கிலீஷில். கல்லூரியில் எல்லாமே இங்கிலீஷ்தான். இந்தப் பாடத்தை நான் முதன்முதலாகத் தமிழில் சொன்னது அந்தத் தெருவில்தான்.

3

[அவர் விட்டபோது குழந்தை தாயின் கையில் இருந்ததா, காற்றில் இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் பிரதியில் கையில் இருந்தது. நான்காம் பிரதியில் காற்றில்.]

குழந்தை ஜமுக்காளத்தில் விழுந்தது. துணி ஒரு பக்கம் சரிந்தது. குழந்தை சறுக்கிக்கொண்டு போய்ச் சின்னையனின் கால்மேல் மோதித் தரையில் உருண்டது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டு நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கை எலும்பு முறிந்திருந்தது.

நாலு நிமிஷம் கழித்து அடுத்த தெருவிலிருந்து ஏணி வந்தது. ரோஷன் பேகம் அதில் இறங்கி வந்தாள். [ஏணி வந்துகொண்டிருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. இதை அடைப்புக்குறிக்குள் வைப்பது கோழைத்தனம். இருந்தாலும் வைக்கிறேன்.]

அன்று சாயங்காலம் வீட்டில் கணக்குப் போட்டேன். மாடியிலிருந்து ஜமுக்காளம் வரை பதினாறு அடி. விழ ஒரு விநாடி. வேகம் விநாடிக்கு முப்பத்திரண்டு அடி. குழந்தை பதினைந்து பவுண்டு என்று வைத்துக்கொண்டேன். விறைத்த துணி அரை அடியில் நிறுத்தியிருந்தால் அந்த உடம்பின்மேல் ஐந்நூறு பவுண்டு பாரம். மூன்றடி தொய்ந்து நிறுத்தியிருந்தால் நூறுக்கும் குறைவு. குழந்தை இழக்க வேண்டிய உந்தம் இரண்டிலும் ஒன்றேதான்.

நான்கு மூலையில் ஒன்று விடுபட்ட ஜமுக்காளத்துக்கு எந்தச் சூத்திரமும் எனக்குத் தெரியாது.

4

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். குழந்தையின் கையில் மாவுக்கட்டு. ரோஷன் பேகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கை சேர்ந்துரும்னு டாக்டர் சொல்லிட்டாரு டீச்சர். ஆனா அந்த ஆளு ஏன் விட்டாரு? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா" என்றேன்.

இந்த வரியை எந்தப் பிரதியிலும் நான் அடிக்கவில்லை. இந்த வரியை எழுதாமலே அடுத்த இடத்துக்குத் தாவிவிடுவேன், அவ்வளவுதான்.

தெரு அடைக்கலத்துக்குப் 'புள்ளைய விட்டவன்' என்று பேர் வைத்தது. நூல் கடைக்காரர்கள் அவர் வண்டியைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒரு மாதத்தில் அவர் அந்தத் தெருவுக்கு வருவதே நின்றுபோனது. இதெல்லாம் சேலை கொடுத்த வீட்டில் சொல்லி எனக்குத் தெரிந்தது. தெரிந்தபிறகும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கல்லூரி வாசலில் இறங்கிவிடுவேன்.

5

ஆனி மாதம் பாலக்கரையில் ஒரு விறகுக் கடையில் அவரைக் கண்டுபிடித்தேன். விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கோடாலியைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும் டீச்சரம்மா" என்றார். "பொம்பளக் குரல்னு தெரியும். மத்த பொம்பளைங்க எல்லாம் தண்ணிக் கொடத்தோட ஓடுனாங்க. நீங்க மட்டும் பொட்டலத்தக் கட்டிக்கிட்டு நின்னீங்க."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. யாரோ விடச் சொன்னாங்கன்னு அன்னிக்கே சொன்னேன். விழப் போற புள்ளைய யாருய்யா விடச் சொல்லுவான்னு சிரிச்சாங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. தூக்கத்துலகூட கைய இறுக்கிக்கிறேன்னு வீட்ல சொல்றா."

[இங்கே நான் அழுததாக இரண்டாம் பிரதி சொல்கிறது. அழவில்லை. பயமாக இருந்தது.]

"வாங்க, இப்பவே போவோம். நானே சொல்றேன்" என்றேன்.

வேண்டாம் என்றார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

ரோஷன் பேகம் தெருக்கோடியில் வேறொரு வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். குழந்தை கட்டு அவிழ்த்த கையை ஊன்றித் தவழ்ந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: என் சொல், அவர் காது, ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய். பழைய வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்னையனும் வந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு நான் உங்க கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னீங்களே" என்றாள் ரோஷன் பேகம். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. அடைக்கலத்தின் பக்கம் திரும்பி, "உள்ள வாங்கண்ணே, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சின்னையன் தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தான் இழுத்துப் புடிக்கச் சொன்னேன்" என்றார்.

அப்போது ரோஷன் பேகம் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க படிச்சவங்க. அவரு விடாம இருந்திருந்தா என் புள்ளைக்கு என்ன ஆயிருக்கும்?"

6

நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலைத்தான் எழுத முடியவில்லை.

"அவர் விட்டதாலதான் புள்ள பொழச்சுது." இது ஒரு பிரதியில். அந்த விறைப்பை நினைத்தால் உண்மையாக இருக்கலாம்.

"விடாம இருந்திருந்தா கை ஒடஞ்சிருக்காது." இது இன்னொன்றில். மற்ற மூவரும் என் பேச்சை முழுதாகக் கேட்டுத் தொய்ய விட்டிருந்தால் இதுவும் உண்மை.

"எனக்குத் தெரியாது." இது நிச்சயமாக உண்மை. ஆனால் இதே சொல்லை அதே பெண்ணிடம் ஒருமுறை பொய்யாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் முறை அவள் எப்படி நம்புவாள்?

இவற்றில் எதைச் சொன்னேன் என்று நான் எழுதப்போவதில்லை. உங்களிடம் விடுகிறேன். அவசரப்படாமல் சொல்லுங்கள். கேள்வி கேட்டவள் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள். அடைக்கலம் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிற்கிறார். இன்னும் உட்காரவில்லை.