கையில் வாங்காத கத்தி

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பலாப்பழம் அறுத்து விற்கும் சிட்டிபாபுவுக்கு, கத்தியைவிட வாய்தான் கூர்மை. காபியில் சர்க்கரை குறைந்தால் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். பதிலுக்குப் பதில் கொடுக்காவிட்டால் அவர் மனைவி கிளியம்மாளுக்கும் பொழுது போகாது. அப்படி வாழ்ந்த மனுஷனைப் பக்கவாதம் வந்து அடக்கிவிட்டது. வலது கை விழுந்துபோனது. பேச்சு குழறலாகத் திரும்பி வந்தும் அவர் பேசவில்லை. கிளியம்மாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் கஞ்சி வைத்துப் பார்த்தாள். குடித்துவிட்டுத் தலையாட்டினார். அன்றைக்குத்தான் அவள் பயந்துபோனாள்.

இந்த வெள்ளிக்கிழமை அவரையும் சந்தைக்கு அழைத்து வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். கத்தியை அவளே எடுத்தாள். பட்டறையில் சொல்லி அடித்து வாங்கிய கத்தி, அவர் கைக்கே பழகியது. அவளிடம் முரண்டு பிடித்தது. சுளைகள் பாதிப் பாதியாகக் கிழிந்தன. சிட்டிபாபு வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் இடது கை மட்டும் தொடையின்மேல் பழம் அறுப்பதுபோல அசைந்தது.

அதைப் பார்த்துவிட்டாள். ஒரு மரப்பெட்டியை அவர் முன்னால் இழுத்துப் போட்டுப் பழத்தைத் தூக்கி வைத்தாள். கத்தியை நீட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு முறைகூட அவள் கையிலிருந்து கத்தி வாங்கியதில்லை.

"கீ...ழ வை" என்றார்.

"மாட்டேன். கைல வாங்கு."

"சண்ட... வரும்."

"வரட்டும்யா! அதுக்குத்தான் குடுக்கறேன். நீ சண்ட போட்டு எம்மா நாளாச்சு? வூடு சாவு வூடு மாரி கீது." பெட்டிமேல் வைத்திருந்தால் அவரே எடுத்திருப்பார். அவள் வைக்கவில்லை. அவர் இடது கையைப் பிடித்து, கத்திப் பிடியை உள்ளே வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

சிட்டிபாபு கத்தியைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இன்...னாத்துல தீட்டுன? ரோட்லயா?"

"ஆமா, ராஜா மாரி சேர்ல குந்திகினு கேள்வி வேற!"

"பிடி பூரா... பலாப் பாலு. எண்ணெ தடவத் தெரியல, வந்துட்டா... யாவாரத்துக்கு!"

"நீ ஒயுங்கா அறு, அப்பறம் பேசு!"

சுளைக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "வுடுக்கா, ஒடம்பு முடியாதவருகிட்ட போய் சண்ட வலிக்கிறியே."

கிளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நீ கம்முனு இருண்ணா. இப்பத்தான் மனுஷன் வாயத் தொறந்துகீறாரு."