ஆமை கடலைப் பார்த்த பக்கம்

மணவாளன் வெற்றிலைப் பையை எடுத்து, பாடையில் கிடந்த அக்காவின் இடுப்போரம் செருகினான். கூடவே, அட்டையில் ஆமைப் படம் போட்ட கதைப் புத்தகத்தையும் செருகினான். செத்தவர்கள் ஆசையாய் வைத்திருந்ததை அவர்களோடே அனுப்பிவிடுவது ஊர் வழக்கம். ஜானகியம்மாளுக்கு வெற்றிலையை விட்டால் பிள்ளைகள் கதைப் புத்தகம்தான் உயிர் என்பது கும்மிடிப்பூண்டி வரைக்கும் தெரிந்த சங்கதி.

கொள்ளிச் சட்டியோடு நின்றிருந்த அவள் புருஷன் ஆதிநாராயணனுக்கு மட்டும் திடுக்கென்றது.

மகள் பங்கஜவல்லி பள்ளிக்கூடம் போன காலத்தில், அவளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றவள் ஜானகியம்மாள். மகள் கல்யாணமாகி வேப்பம்பட்டுக்குப் போனாள். புத்தகங்கள் தகரப் பெட்டியோடு இங்கேயே தங்கிவிட்டன. படுக்கையில் விழுந்த பிறகு ஜானகியம்மாளுக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சம், புருஷனைப் படிக்க வைப்பது. கழனியிலிருந்து வந்து உட்கார்ந்தால் போதும், புத்தகத்தை நீட்டுவாள். ஏர் பிடித்த மனுஷன் எழுத்தைக் கண்டு மிரளுவதில் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

"என்னால ஆவாது, ஜானகி."

"ஏன் ஆவாது? மொரட்டு மாட்டயெல்லாம் ஏர்ல பூட்டின ஆளு. இந்த எயுத்து இன்னா, முட்டவா போவுது?"

ஏரியில் பிறந்த ஆமை கடல் பார்க்கக் கிளம்புகிற கதை. உன்னால் முடியாது என்று வழியெல்லாம் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அது பாட்டுக்கு நடக்கிறது. அவள் கூட்டிச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லி, முந்தாநாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது ஜானகியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"இத நீயே படி. நான் கேட்டுக்கினு படுத்திருக்கேன்."

"நாளைக்கிப் படிக்கறேன்" என்றார்.

விடிந்தபோது அவள் இல்லை. அந்த 'நாளைக்கி' அவர் தொண்டையில் மீன் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

"தூக்குங்கப்பா, ரெண்டாவது ஷிப்டு போறவங்க இருக்காங்க" என்று மணவாளன் அவசரப்படுத்தினான். தொழிற்பேட்டையில் உருக்காலை வந்ததிலிருந்து ஊர்ச் சாவுக்கும் ஆலைச் சங்கு நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

ஆதிநாராயணன் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து புத்தகத்தை உருவினார்.

"மாமா! பாடையில வெச்சத திருப்பி எடுக்கக் கூடாது. இன்னா பண்றீங்க?"

"கதை முடியல, மணவாளா."

மேளக்காரர்களுக்குக் கை காட்டினார். மேளம் நின்றது. கடைசிப் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தார். ஊரே பார்க்கிறதே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் வாயைத் திறந்தார்.

"ஆ... மை. ஆமை. கட... கடலைப் பார்த்... தது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பங்கஜவல்லி திரும்பி முறைத்தாள். அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். அப்பா தடுமாறும்போதெல்லாம் உதடு துறுதுறுத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானா... இவ்வளவு... தூரம் வந்தேன் என்று... அதற்கே... ஆ... ஆச்..."

விரல் நின்றுவிட்டது. நெற்றி வியர்த்தது. தூரத்தில் உருக்காலைச் சங்கு ஊதியது. ஷிப்டுக்காரர்கள் ஒருவரும் நகரவில்லை. அவர் ஜானகியம்மாளின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி பிடித்தார்.

"ஆச்... சரி... யமாய்... ஆச்சரியமாய் இருந்தது."

மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆதிநாராயணன் புத்தகத்தை மூடி, தானே அவள் கைக்கடியில் வைத்து, நழுவாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார்.

பாடை தோளுக்கு ஏறியது. சட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு போனவர், நின்று மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பொட்டில வேற பொஸ்தகம் கீதா?"

"கீது, நைனா."

"ஒண்ணு எடுத்து வெய்யி."