சிசிலி தேர்ந்த ஜோடி

வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தவர் சுவக்கீன். ஸ்டோரை ஒட்டியே எஸ்டேட் அவருக்கு வீடு கொடுத்திருந்தது. ஆவணியில் அறுவடை தொடங்கினால் தை வரைக்கும் ஸ்டோர் அடுப்பில் விறகு எரிந்துகொண்டே இருக்கும். வெளியே பனி கொட்டினாலும் வீட்டின் அந்தப் பக்கத்துச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். மீன்தொட்டியை அவர் அந்தச் சுவரோரம்தான் வைத்திருந்தார்.

தொட்டி எஸ்டேட் டாக்டருடையது. எழுபத்து நாலாம் வருஷம் அவர் வேலையை விட்டு ஊருக்குப் போனபோது, உள்ளே இருந்த இரண்டு மீன்களோடு அதைச் சுவக்கீனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆப்பிரிக்க ஆற்று மீன், கிரிபென்சிஸ் என்று பெயர், விரல் நீளத்துக்கு மேல் வளராது, இது ஒரு ஜோடி, முடிந்தால் குஞ்சு பொரிக்க வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். இரண்டில் பெரியதை ஆண் என்றும் சிறியதைப் பெண் என்றும் சுவக்கீன் வைத்துக்கொண்டார். ஓரத்தில் வாசல் மாதிரி உடைத்த ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தார்.

அந்த ஐப்பசியில் அவருடைய தங்கை சிசிலி வந்து சேர்ந்தாள். வந்தாள் என்பதைவிட, அவள் புருஷன் பாஸ்கல் கொண்டுவந்து விட்டான் என்று சொல்லலாம். ஆனியில் அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒன்றரை நாள்தான் உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். பாஸ்கலுக்குப் புளியன்மலைப் பக்கத்து எஸ்டேட்டில் ஏலத்துக்கு நிழல் தரும் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிற வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் லயத்து வீட்டுக்குத் திரும்புவான். அவளைத் தனியாக விட அவனுக்குப் பயமாக இருந்தது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் நடந்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்திருப்பான். சுவக்கீனின் மனைவி மதலேனம்மாள் பால் விடாமல் கொடுக்கும் கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவான். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

மீனுக்கு மண்புழு நறுக்கிப் போடுகிற வேலையை மதலேனம்மாள்தான் சிசிலியிடம் கொடுத்தாள். சுவர் சூடாக இருந்ததாலோ என்னவோ, சிசிலி அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். நாள் முழுக்க அந்த இரண்டு மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் சிரட்டைக்குள் முட்டைகள் தெரிந்தன. கூரையில் ஒட்டவைத்த ஜவ்வரிசி மாதிரி ஒரு கூட்டம். சுவக்கீன் ஸ்டோரில் ஒருவர் விடாமல் சொன்னார். மூன்றாம் நாள் அத்தனையும் வெளுத்துப் பஞ்சு மாதிரி பூசணம் பிடித்துப் போயிற்று. மீன்கள் மட்டும் விடாமல் அவற்றுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. தண்ணீர் சரியில்லை என்று நினைத்து ஓடைத் தண்ணீருக்கு மாற்றினார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் முட்டை, மறுபடியும் பஞ்சு. அவர் சிரட்டையை வெளியே எடுத்துச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, ரெண்டும் பொண்ணு."

அடுப்படியில் மதலேனம்மாள் கையிலிருந்த அகப்பையை அப்படியே வைத்தாள். சுவக்கீன் திரும்பிப் பார்க்காமல், தினமும் பேசுகிறவளிடம் கேட்பது போலக் கேட்டார்.

"எப்படித் தாயி சொல்ற?"

"ரெண்டுக்கும் வயிறு செவக்குது. ரெண்டும் மாத்தி மாத்தி உள்ள போயி முட்ட வைக்குது. பெருசா இருக்கவும் நீங்களா ஆம்பளன்னு நெனச்சுக்கிட்டீங்க." தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "அதுகளுக்குத் தெரியல, பாவம். விசிறிக்கிட்டே கெடக்குதுக" என்றாள்.

அந்த ஞாயிறு பாஸ்கல் வந்ததும் சுவக்கீன் விஷயத்தைச் சொன்னார். ஆண் ஒன்று வேண்டும், மதுரையில் வண்ணமீன் விற்கும் கடை இருக்கிறது, போய் வர முடியுமா என்று கேட்டார். எதைப் பார்த்து வாங்குவது என்று பாஸ்கல் கேட்டதற்குச் சிசிலிதான் பதில் சொன்னாள். உடம்பு ஒல்லியாக நீளமாக இருக்க வேண்டும், முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் பின்னால் கூராக நீண்டிருக்கும், வாலில் புள்ளி இருக்கலாம், பெண்ணுக்குத் துடுப்பு முனை மழுங்கியிருக்கும், ஆணுக்கும் லேசாக வயிறு சிவக்கும், அதனால் வயிற்றை மட்டும் பார்த்து எடுத்துவிடக் கூடாது. பெண் எப்படியிருக்கும் என்று தொட்டியில் பார்த்துக் கற்றதையும், ஆணைப் பற்றி டாக்டர் சொல்லிப் போய் அண்ணன் இப்போதுதான் நினைவுபடுத்திச் சொன்னதையும் வைத்து அவள் சொன்னாள். ஐந்து மாதத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. ஒரு தடவையிலேயே பாஸ்கலுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மறந்துபோகும் என்று சொல்லி மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் அவள் பொறுமையாகச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் லீவு போட்டுவிட்டுக் கம்பம்மெட்டு வழியாக மலையிறங்கினான். மதுரைக் கடைக்காரர் வலையில் இரண்டை அள்ளி, ஆண்தான், எடுத்துப் போங்கள் என்றார். பாஸ்கல் வாங்கவில்லை. தொட்டியின் முன்னால் குத்தவைத்து, நாற்பது மீன்களில் ஒவ்வொன்றும் அசையாமல் நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். கடை சாத்தும் நேரத்தில் மூன்றைக் காட்டினான். அதற்குள் பஸ் போய்விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கிடந்து மறுநாள் மலையேறினான். மீன் இருந்த பாட்டிலைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து, மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டான். அப்படியும் வழியில் குளிர் தாங்காமல் ஒன்று செத்துப்போனது.

வீட்டுக்குள் வந்து பாட்டிலைச் சிசிலியிடம் நீட்டினான். "ஒண்ணு போயிருச்சு" என்றான்.

அவள் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டும் ஆணுதான். சரியாப் பாத்து எடுத்திருக்கீக."

பாஸ்கல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு நாளாக அவன் சோறு தின்றிருக்கவில்லை என்பது அப்போதுதான் மதலேனம்மாளுக்குத் தெரிந்தது.

எந்த ஆணை எந்தப் பெண்ணோடு விடுவது என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒத்துப்போகவில்லை. பெரிய ஆணையும் பெரிய பெண்ணையும் சேர்த்தால் குஞ்சு திடமாக இருக்கும் என்றார் அவர். சிசிலி நாலையும் ஒன்றாக விட்டு ஒரு வாரம் பார்க்கலாம் என்றாள். பெரிய ஆண் எல்லாவற்றையும் துரத்தியது, இரையைப் பறித்தது, சிறிய பெண்ணின் வாலைக் கிழித்தது. மற்ற ஆண் சிறிய பெண்ணின் முன்னால் போய் உடலை நடுக்கிக் காட்டிவிட்டு, தள்ளி நின்று காத்திருந்தது. நாலாம் நாள் அந்தப் பெண், சிவந்த வயிற்றை அதன் பக்கம் வளைத்துக் காட்டியது.

"இதுக ரெண்டும் இருக்கட்டும் அண்ணே. மத்த ரெண்டையும் எடுத்திருங்க" என்றாள் சிசிலி.

பெரிய பெண்தான் அதிகமாக முட்டை வைத்தது என்று சுவக்கீன் இழுத்தார்.

"வைக்கட்டும். அந்தப் பெருசு இந்தச் சின்ன ஆணக் கிட்ட அண்ட விடாது. இதுக அதுகளாச் சேந்துக்கிட்டுதுக. நாம ஏன் பிரிக்கணும்?"

சுவக்கீன் மற்ற இரண்டையும் தனித்தனி மண்தொட்டியில் விட்டு, அதே சுவரோரம் வைத்தார்.

மார்கழி முதல் வாரத்தில் அந்தச் சிறிய பெண் முட்டை வைத்தது. மூன்றாம் நாள் சிசிலி தொட்டிப் பக்கமே போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, ஏற்கெனவே உரித்த பூண்டை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அது ஞாயிற்றுக்கிழமை. பாஸ்கல் டார்ச்சை வாங்கிக்கொண்டு போய்த் தரையில் படுத்து சிரட்டைக்குள் அடித்துப் பார்த்தான்.

"வெளுக்கல" என்று அங்கிருந்தே சொன்னான். "வால் மாதிரி என்னமோ ஆடுது, சிசிலி. வந்து பாரு."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. மிளகுத் தூள் தூவியது போல ஒரு கூட்டம். தாய் முன்னால் நகர்ந்தால் கூட்டமும் நகர்ந்தது, தாய் நின்றால் நின்றது. தகப்பன் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. விலகிப்போன ஒன்றை வாயால் கவ்விக் கொண்டுவந்து கூட்டத்தில் துப்பியது. பண்டிகைக்கு வந்திருந்த பாஸ்கல், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்தான். சிசிலி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள். குழந்தை போனபோதுகூட அவள் அழுததில்லை.

"நம்ம புள்ள ஒருவாட்டி கண்ணத் தொறந்து பாத்துச்சு" என்றாள். "நீங்க பாக்கல. வெளியில நின்னுட்டீக."

"பாத்தேன்" என்றான் பாஸ்கல். "உள்ள விடமாட்டேன்னு சொன்னாக. ஜன்னல் வழியாப் பாத்தேன். உங்கிட்டச் சொல்லத்தான் தெரியல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "என்ன பாத்தீக?" என்று கேட்டாள். சாயாவோடு வந்த மதலேனம்மாள், சத்தம் காட்டாமல் திரும்பிப் போனாள். அவன் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்து சிசிலி புருஷனோடு புறப்பட்டாள். குஞ்சுகள் அறுபதுக்குக் குறையாமல் இருந்தன. அதில் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் சுவக்கீன்.

"இப்ப ஆணு பொண்ணு தெரியாதுண்ணே" என்றாள். "சித்திரையில வாறோம். அப்ப ஆறு எடுத்துக்கிறேன். வளத்துப் பாப்போம், எது எதோட சேருதுன்னு."

சித்திரையில் சொன்னபடியே வந்தார்கள். எந்த ஆறை எடுப்பது என்று தொட்டிக்கு முன்னால் சிசிலியும் பாஸ்கலும் மத்தியானம் வரை வாதாடிக்கொண்டிருந்தார்கள். சோறு ஆறிப்போகிறது என்று மதலேனம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.