வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

விடிந்தால் இமோஜென் வருவார். வயல்களில் கிடைக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்கிற மாவட்ட அதிகாரி. எந்த இடத்தில் எடுத்தாய் என்று கேட்பார். நான் கையை நீட்டிக் காட்ட வேண்டும். எந்தப் பக்கம் நீட்டுவது என்றுதான் இவ்வளவு நேரமும் புரண்டுகொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பக்கத்து அறையில் நைஜல், அம்மாவின் கணவர். என் அப்பா இல்லை. ஆனால் அந்த நினைப்பு வரும்படி ஒருநாளும் அவர் நடந்துகொண்டதில்லை. உலோகம் தேடும் கருவியை என் கையில் கொடுத்தவரே அவர்தான். சனிக்கிழமை என்றால் நாங்கள் இருவரும் எங்களுக்கு அனுமதி தந்திருக்கிற விவசாயி பாரெட்டின் வயலில் இருப்போம். இதுவரை எனக்குக் கிடைத்தவை ஒரு துப்பாக்கிக் குண்டு, சக்கரமில்லாத பொம்மைக் கார். மற்றதெல்லாம் பீர் மூடி.

"டாம்சின் மேடம், மூடிக்குன்னு தனி மியூசியம் தொறந்துடலாமா?" என்பார் நைஜல்.

"உங்க ஆணி மியூசியத்துக்குப் பக்கத்துலயா?"

"ஏய், அதெல்லாம் ரோமன் ஆணி!"

"போன வருஷத்து ரோமனா?"

பாரெட்டின் வயல் ஒரு வாய்க்காலோடு முடிகிறது. அந்தப் பக்கம் திருமதி தர்லோவின் நிலம். முன்பு யாரோ திருட்டுத்தனமாக வந்து அவருடைய கோதுமைப் பயிரைக் குழி குழியாகத் தோண்டிப் போட்டார்கள். அன்றிலிருந்து கருவியோடு யாரையும் அவர் உள்ளே விடுவதில்லை. நிலத்துக்காரர் வாயால் சரி என்று சொல்லாமல் ஒரு அடி வைக்கக்கூடாது. உலோகம் தேடுகிறவர்களின் எங்கள் கிளப்பில் சேருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வதே அதுதான்.

இன்று காலை நைஜல் டீ போட வேனுக்குப் போயிருந்தார். வாய்க்கால் ஓரத்தில் என் கருவி லேசாக முனகியது. எட்டி அந்தப் பக்கம் நீட்டினேன். இரண்டு வருஷத்தில் நான் கேட்காத சத்தம், அவ்வளவு தெளிவு. தாண்டிவிட்டேன்.

ஒரு முழ ஆழத்தில் வெள்ளி ஊசிப்பதக்கம் ஒன்று. தங்க முலாம் இன்னும் மின்னியது. பக்கத்திலேயே அதன் ஜோடி. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு பெண்கள் இப்படித் தோளுக்கு ஒன்றாகக் குத்திக்கொள்வார்கள் என்று படித்திருக்கிறேன். சற்றுத் தள்ளி வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கூழாங்கல் என்று நினைத்து எடுத்தேன். பல். என் பல்லைவிடச் சின்னது.

அதை அப்படியே வைத்து, அதன்மேல் மட்டும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் நைஜலைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவர் பதக்கங்களைப் பார்த்து என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. பிறகுதான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்தார்.

"தாண்டிட்டியா?"

"கொஞ்சம்தான்..."

"கொஞ்சமோ நெறையவோ, அந்தம்மா நேரா போலீசுக்குத்தான் போகும். கிளப்புல என்னைத் தூக்கிடுவாங்க. பாரெட்டும் கேட்டைப் பூட்டிடுவார்." குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பக்கம் எடுத்ததா சொல்லிடலாம். பத்தடி வித்தியாசம். இத்தனை நூறு வருஷம் கழிச்சு யாருக்கு என்ன?"

தலையாட்டினேன். பல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் அங்கேயே நின்று இமோஜெனுக்குப் போன் போட்டு, பாரெட் வயல் என்றார்.

ராத்திரி மீனும் சிப்ஸும் வாங்கி வந்தார். என்னால் சாப்பிட முடியவில்லை. என்னைத் தேற்றத்தான் சொன்னார்: "பயப்படாதே. திங்கக்கிழமை அந்தம்மா உருளைக்கிழங்குக்கு ஆழ உழவு போடுது. குழி இருந்த தடமே தெரியாது."

அதன்பிறகு தூக்கம் எங்கே வரும்? நான் காட்டுகிற இடத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று போய்விடுவார்கள். அந்தப் பக்கம், பதக்கங்களோடு புதைக்கப்பட்டவளைக் கலப்பை துண்டு துண்டாக்கும். பேர் இல்லை, தேடி வர ஆள் இல்லை. அவளுக்கு இருக்கிற ஒரே விலாசம் அந்த இடம்தான். அதையும் நான் மாற்றிச் சொல்லப்போகிறேன்.

சற்றுமுன் எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன். நைஜல் கலைந்த தலையோடு எழுந்து உட்கார்ந்தார். பல்லைப் பற்றிச் சொன்னேன்.

"ஏம்மா அங்கயே சொல்லல?"

"சொன்னா நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அப்புறம் நம்ம சனிக்கிழமை எல்லாம் போயிடும்னு..."

முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "சரி. தாண்டுனது நான், தோண்டுனது நான். நீ வேன்ல டீ போட்டுட்டிருந்தே."

"வேண்டாம், நைஜல். எடத்தை மாத்துனதே போதும். இப்ப ஆளையும் மாத்தணுமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அழுகையை வரவழைத்தது.

"அப்ப இமோஜெனுக்கு முன்னாடி தர்லோகிட்டதான் போகணும்," என்றார். "விடிஞ்சதும் போயிடலாம். கத்தும்."

"கத்தட்டும்."

"நாய் வேற இருக்கு."

எனக்கு நாய் என்றாலே உதறும். அவருக்குத் தெரியும்.

"நீங்களும் கதவுவரைக்கும் வருவீங்கல்ல?"

"பின்ன எங்க போவேன்?" என்றார் நைஜல்.